துணைவிளக்கியல்: ஓர் அறிமுகம்

1. வரையறை

மோட்டார் சைக்கிளைத் தயாரித்த நிறுவனம் போதும் என்று வைத்த ஹெட்லைட்டைப் போதாது என்று கருதும் உரிமையாளர் தன் செலவில் சேர்க்கும் விளக்கே துணை விளக்கு. இது எப்போதும் இணையாகவே வாழும். ஒற்றையாகக் காணப்படுமாயின், மற்றொன்று அண்மையில் எங்கோ உதிர்ந்துவிட்டது என்று கொள்க.

பயண வண்டி இருவகைப்படும்: நெடுந்தூரம் போய்வந்த வண்டி, போகவிருக்கும் வண்டி. துணை விளக்குகள் இரண்டாம் வகையிலேயே செழித்து வளர்கின்றன. முதல் வகையில் அவற்றின் மீது சேறு படிந்திருப்பதால் எண்ணிப் பார்ப்பது கடினம்.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளின் ஹெட்லைட், எஞ்சின் ஓடும் வரை எரிந்தே ஆக வேண்டும். அதை அணைக்கும் சுவிட்சே இல்லாமல் போயிற்று. ஓர் உரிமையை இழந்தவர் இன்னொன்றைத் தேடுவது இயல்பு. தன் விரலால் ஏற்றி அணைக்க ஒரு விளக்காவது வேண்டும் என்ற வேட்கைக்கும் துணை விளக்கின் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்கு உரியது.

2. பொருள்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யை 1962இல் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். வெள்ளை ஒளிக்கு நீலம் தேவைப்பட்டது. நீலம் கைகூட 1990கள் வரை காத்திருக்க நேர்ந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கிடைக்கும் வெள்ளை விளக்கு, நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதே. பேரம் பேசுவோர் அந்தப் பரிசைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாட் இருவகை: அட்டைப்பெட்டி வாட், மெய் வாட். முன்னது வாங்கும்போது பெரிதாகவும், பின்னது அளக்கும்போது சிறிதாகவும் இருக்கும். பேட்டரியின் வோல்டேஜை விளக்கு இழுக்கும் ஆம்பியரால் பெருக்கினால் மெய் வாட் வெளிப்படும். மல்ட்டிமீட்டருடன் கடைக்குப் போகும் வாடிக்கையாளருக்கு டீ கிடைப்பது அரிது.

எல்.இ.டி. ஒளியை முன்னே அனுப்பி, வெப்பத்தை முதுகில் சுமக்கும். அதனால்தான் பின்புறம் அலுமினியச் செதில்கள். அவற்றின் மேல் காற்று பட வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு நண்பர்களுக்கு நெடுநேரம் எரித்துக் காட்டுவது விளக்கின் ஆயுளைக் குறைக்கும். ஆயினும் பெரும்பாலான விளக்குகள் முதல் வாரத்தில் செய்யும் பணி அதுவே.

3. நிலமும் ஒளியும்

ஒளிக்கற்றை இருவகை. குறுகி நெடுந்தொலைவு பாய்வது ஸ்பாட். அருகிலேயே அகலமாக விரிவது ஃப்ளட். எது எங்கே பொருந்தும் என்பதை ஐந்திணை கொண்டு வகுக்கலாம்.

குறிஞ்சி: கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வண்டி சாயும்போது ஒளியும் உடன் சாய, திரும்ப வேண்டிய உட்பக்கம் இருளும். ஸ்பாட் விளக்கு எதிரே உள்ள பள்ளத்தாக்கை மிகத் தெளிவாகக் காட்டும். இங்கே வேண்டியது ஃப்ளட்.

முல்லை: பந்திப்பூர்க் காட்டைக் கடக்கும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குப் பொதுத் தடை உண்டு. விளக்குக்கு மிகப் பொருத்தமான நிலம் விளக்கு எரியும் நேரத்தில் மூடப்பட்டிருக்கும். யானைகள் இதுபற்றிக் குறைகூறியதாகத் தெரியவில்லை.

மருதம்: அறுவடைக் காலத்தில் டெல்டாச் சாலையின் பாதி நெல் காயும் களம். அதன் எல்லையில் கற்கள். அப்பால் பின்விளக்கு இல்லாத டிராக்டர். தாழ்ந்து விரியும் ஒளி இங்கே உயிர் காக்கும்.

நெய்தல்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒளியை விட ஆணியே முக்கியம். உப்புக் காற்று சாதாரண இரும்பு போல்ட்டைத் தின்றுவிடும். எவர்சில்வர் போல்ட் தேவை.

பாலை: நான்குவழிச் சாலை. நேரானது, நீண்டது, மரமற்றது. ஸ்பாட் விளக்கு தன் விலைக்கு நியாயம் சொல்லும் ஒரே நிலம்.

பனிமூட்டம் எல்லாத் திணைக்கும் பொது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பது டீக்கடை மரபின் துணிபு. ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தை விடப் பன்மடங்கு பெரிது; எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். மஞ்சளில் கண்ணுக்குக் கூச்சம் குறையலாம், அவ்வளவே. பனியில் உதவுவது விளக்கு தாழ்ந்திருப்பதும் ஒளி மேலே போகாதிருப்பதும்தான்.

4. இருப்பிடம்

இதில் இரு மரபினர் உளர். கிராஷ் கார்டு மரபினர் விளக்கைக் கீழே, அகலத்தில் வைப்பர். ஹெட்லைட் மரபினர் மேலே, நெருக்கமாக வைப்பர். கீழே வைத்தால் சாலையின் மேடுபள்ளம் நிழலோடு துலங்கும். ஆனால் வண்டி சரிந்தால் முதல் அடி விளக்குக்கே. கிராஷ் கார்டு வண்டியைக் காக்கும். விளக்கைக் காக்க யாரும் இல்லை. மேலே வைத்தால் அடி படாது. எதிரே வருபவரின் கண்ணுக்கு நெருங்கிவிடும்.

எங்கே வைத்தாலும் ஒரு சோதனை கட்டாயம். ஹேண்டில்பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்ப வேண்டும். ஒயர் இழுபட்டால் தளர்த்திக் கட்ட வேண்டும். சைலன்சரைத் தொட்டால் பாதையை மாற்ற வேண்டும். இச்சோதனையைச் செய்யாதவருக்கு அதன் முடிவை முதல் யு-டர்ன் அறிவிக்கும்.

5. மின்னோட்டம்

20 வாட் விளக்கு இரண்டு, 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3.3 ஆம்பியர் இழுக்கும். இதை ஹெட்லைட் ஒயரை வெட்டி ஒட்டுப்போட்டு எடுப்பவர், ஒரே செயலால் மூன்று பயன் அடைவார்: மங்கிய ஹெட்லைட், சூடேறிய ஒயர், ரத்தான உத்தரவாதம்.

முறையான வழி ரிலே. அதன் காலில் பொறித்திருக்கும் 30, 85, 86, 87 என்ற எண்கள் ஜெர்மானியத் தரநிலையிலிருந்து வந்தவை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30க்கு, 87இலிருந்து விளக்குக்கு, 85 எர்த்துக்கு, 86க்குச் சுவிட்ச் வழியாக ஒரு சிறு மின்னோட்டம். சின்ன ஓட்டம் உள்ளிருக்கும் காந்தத்தை எழுப்ப, காந்தம் பெரிய ஓட்டத்துக்குக் கதவைத் திறக்கும். 3.3 ஆம்பியருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அது பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கை அன்று, ஒயரை. அடிக்கடி எரிந்துபோகும் ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றும் முறை, ஃபியூஸின் வேலையை வண்டி முழுமைக்கும் மாற்றித் தருகிறது.

86க்கான ஓட்டத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஒயரிலிருந்தே எடுக்க வேண்டும். நேரே பேட்டரியிலிருந்து எடுத்தால், மறந்து விட்ட விளக்கு 8 ஆம்பியர்-மணி பேட்டரியை இரண்டரை மணி நேரத்துக்குள் காலி செய்யும். கிக்கர் இல்லாத இன்றைய வண்டிகளில் அதன் பிறகு நடப்பது உடற்பயிற்சி.

6. நோக்கு

சமதரையில், சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்த வேண்டும். ஓட்டுபவர் மேலே அமர்ந்திருக்க வேண்டும். விளக்கின் உயரத்தைச் சுவரில் குறித்து, ஒளியின் மேல்விளிம்பு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழுமாறு முடுக்க வேண்டும். விளக்கு தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த விளிம்பு 45 மீட்டரில் சாலையைத் தொடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் அது இரண்டு விநாடித் தொலைவு.

பின்னிருக்கையில் ஆளும் மூட்டையும் ஏறினால் பின்பக்க சஸ்பென்ஷன் அமிழ்ந்து, முன்பக்கம் நிமிரும். ஒரே ஒரு பாகை நிமிர்ந்தாலும் 50 மீட்டருக்கு அப்பால் ஒளி 87 சென்டிமீட்டர் மேலேறும். சாலையைப் பார்த்த விளக்கு காரோட்டியைப் பார்க்கத் தொடங்கும். ஆகவே சோதனையின்போது பின்னால் அமர்பவரையும் அமர்த்திக்கொள்ள வேண்டும். இரவில் சுவரைப் பார்த்து அசையாமல் உட்காருவதன் அறிவியல் நோக்கத்தை அவருக்கு விளக்குவது இப்பணியின் கடினமான பகுதி.

7. சட்டமும் எதிரே வருபவரும்

முன்அனுமதியின்றி வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட் வைப்பதை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆவது தடுக்கிறது. விற்கும் அட்டைப்பெட்டியிலேயே "ஸ்பாட்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதால், சோதனைச் சாவடியில் வாதாட அதிகம் மிஞ்சுவதில்லை.

சட்டத்தை விட நெருங்கிய ஆபத்து ஒன்று உண்டு. இருளுக்கு முழுதும் பழக மனிதக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் தேவை. அப்பழக்கத்தைக் கலைக்க ஒரு கணம் போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இருவர் விநாடிக்கு 44 மீட்டர் நெருங்குகின்றனர். கண்கூசியவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அந்நேரத்தில் அவருக்கு எதிரே இருப்பவர் விளக்குக்காரர் ஒருவரே. அடுத்தவர் பார்வையைக் காப்பது தொண்டு அன்று, தற்காப்பு.

8. சுவிட்ச்

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படுவது: இவ்வமைப்பில் மிக மலிவான உறுப்பான சுவிட்சே மிக இன்றியமையாதது. ஸ்பாட் விளக்கின் 86ஐ ஹை பீம் ஒயரோடு இணைத்தால், டிப் அடித்த மாத்திரத்தில் துணை விளக்கும் பணிந்துவிடும். ஓட்டுபவரின் நற்குணத்தை நம்ப வேண்டியதில்லை. ஃப்ளட்டுக்குத் தனிச் சுவிட்ச், கையுறையோடும் எட்டும் இடத்தில், இடது கட்டைவிரலுக்கு அருகே. சில விளக்குகளில் மின்னி மின்னி எரியும் முறையும் உண்டு. அதன் பயன் எவ்வகை ஆய்வாலும் நிறுவப்பட முடியாததால் இங்கே விடப்படுகிறது.

9. பேணல்

முதல் 500 கிலோமீட்டருக்குப் பின் எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு, நைலான் நட்டு போடாத இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். ஐ.பி.67 என்ற முத்திரை ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேர முழுக்கைத் தாங்கும் என்று பொருள்படும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியின் நேரடித் தாக்குதலுக்கு அது உறுதி தராது. ஒயர் இணைப்புகளின் மேல் இன்சுலேஷன் டேப்பை விட ஹீட் ஷ்ரிங்க் குழாய் நீண்ட நாள் உழைக்கும்.

இவை அனைத்தும் நிறைவேறிய பின் எஞ்சுவது பயணம். அதைப் பெரும்பாலோர் விடியற்காலையில் தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துக்கொள்வதால், அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.