அடுப்பு பற்றவைக்காத ரசம்

தென்காசியில் தெருவுக்கு ஒரு 'உலகச் சமையல் மாமா' உண்டு. ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. வயது 60 தாண்டியிருக்கும். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க, "காப்பி ஆச்சா?" என்று கேட்க மட்டுமே அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பார். ஓய்வு பெற்ற கையோடு டாக்டர், "சர்க்கரை ஏறியிருக்கு, சோத்தைக் குறைங்க" என்றிருப்பார். அதற்கடுத்து மகள் பிரசவத்துக்கென்று ஆறு மாதம் வெளிநாடு போய் வந்திருப்பார். இந்த இரண்டும் ஒரே ஜாதகத்தில் கூடினால் மாமாவுக்கு ராஜயோகம், அத்தைக்கு ஏழரை.

"எளிமையா சமைக்கணும், ஆரோக்கியமா இருக்கணும், குடும்பத்தோட ஒக்காந்து சாப்பிடணும். உலகம் பூரா இதாம் மாப்ளே" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். காய்கறிக் கடையில்தான் சிக்கல் ஆரம்பிக்கும்.

"சுக்கினி இருக்கா?"

"அது எந்த ஊரு காய் அண்ணாச்சி?"

"இத்தாலி."

"இத்தாலி லோடு இன்னும் வரலை. பாவூர்சத்திரத்துப் பீர்க்கங்காய் பிஞ்சா இருக்கு, போடட்டா?"

மாமா மனம் தளர மாட்டார். இணையத்தில் சொல்லி, 'பேசில்' என்ற காய்ந்த இலையைப் பொட்டலமாக வரவழைப்பார். அத்தை அதைப் பிரித்து மோந்து பார்ப்பாள். "இது திருநீற்றுப்பச்சிலைல்லா! நம்ம பொறவாசல்ல காடா கெடக்கே."

அத்தைக்கு வேற்று நாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாது. நுழையவும் வேண்டியதில்லை, மாமா சமைப்பதற்கெல்லாம் அவளே பெயர் வைத்துவிடுவாள். ஹம்மஸ் என்றால் கொண்டைக்கடலைத் துவையல். தாய்லாந்துக் குழம்பு, இஞ்சி கூடிப்போன சொதி. இத்தாலி ரிசாட்டோ, தாளிக்க மறந்த பொங்கல்.

போன குற்றால சீசனில் நாங்கள் சென்னையிலிருந்து ஏழு பேர் எங்கள் மாமா வீட்டில் போய் இறங்கினோம். ஜூலை மாதம். ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நின்றோம். வெளியே வந்தால் சாரல். பல் கிட்டித்து, உதடு நீலம் பாய்ந்து, குற்றாலத்துக்கே உரிய அந்தப் பேய்ப்பசியோடு வீடு வந்து சேர்ந்தால், மாமா ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்தார்.

"கஸ்பாச்சோ! ஸ்பெயின் நாட்டு சூப். தக்காளி, வெள்ளரிக்காய், பூண்டு, கொஞ்சம் ரொட்டி. எல்லாம் பச்சையா அரைச்சது. அடுப்பே வேண்டாம். ஜூலையில அங்க இதைத்தான் குடிக்கான்."

"மாமா, அங்க ஜூலையில வெயில் பொளக்கும். இங்க சாரல்லா அடிக்கு."

மாமா அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை.

குடித்தோம். பசி குளிரோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. அத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "அடுப்பு பத்தவைக்காத ரசம்."

அங்கணத்தை எட்டிப் பார்த்தேன். மிக்ஸி ஜார் 3, வடிகட்டி 2, கத்தி 4, பலகை 2, போக கிண்ணமும் குடுவையுமாக மொத்தம் 23 உருப்படி. அடுப்பு வேண்டாத சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் அத்தை.

ராத்திரி, "காலாற நடந்துட்டு வாறோம்" என்று கிளம்பினோம். பிரானூர் பார்டர் நடக்கிற தூரமில்லை என்பது மாமாவுக்கும் தெரியும். பரோட்டாவும் மிளகுக் கோழியும் மணக்கத் திரும்பி வந்தவர்களை வாசலில் மோந்து பார்த்தார். திட்டவில்லை. "எனக்கு ஒரு பொட்டலம் கட்டலையா?" என்று மட்டும், அத்தை காதில் விழாமல் கேட்டார்.

மறுநாள் மத்தியானம் அத்தை உளுந்தஞ்சோறு வைத்தாள். அரிசி, உடைத்த தொலி உளுந்து, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பூ, எல்லாம் ஒரே சட்டியில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். மாமாவுக்கு மட்டும் சோற்றை அளந்து வைத்து, பக்கத்தில் பீர்க்கங்காய்க் கூட்டைக் கூடுதலாக வைத்தாள். அரிசியில் குறைகிற புரதச் சத்தை உளுந்து நிரப்பும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. மெக்சிகோக்காரி சோள ரொட்டிக்கு பீன்ஸைச் சேர்ப்பதும், லெபனான்காரி அரிசியோடு பயறு போட்டுப் பொங்குவதும் இதே கணக்குதான். மாமா குடுவை குடுவையாகத் தேடிய உலகச் சமையல், அத்தையின் சட்டியில் ஆவி பறக்கக் கிடந்தது. மாமா இரண்டாம் முறை தட்டை நீட்டினார். அத்தை கூட்டைத்தான் வைத்தாள்.

எந்த நாட்டுச் சமையலையும் செய்து பாருங்கள், தப்பே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தையும் நீங்களே கழுவிவிடுங்கள். எது எளிய சமையல் என்று அங்கணம் சொல்லிவிடும்.