அம்புக்குறி எங்கே தொடங்குகிறது?

கேள்வி: நூற்றுக்கு மேற்பட்ட தனிமங்கள் இருக்க, கார்பனுக்கு மட்டும் தனிப் பாடமா? மற்றவை என்ன பாவம் செய்தன?

பதில்: பாவம் எதுவும் செய்யவில்லை, கார்பன் செய்வதை அதே அளவில் செய்ய அவற்றால் இயலவில்லை. ஒரு கார்பன் அணு நான்கு பிணைப்புகளை அமைப்பதோடு, பிற கார்பன் அணுக்களுடன் சங்கிலியாகவும் கிளையாகவும் வளையமாகவும் உறுதியாக இணைந்துகொள்கிறது. ஒரே மூலக்கூறு வாய்பாட்டைக் கொண்டு, அணுக்கள் இணைந்துள்ள முறையில் மட்டும் வேறுபடும் சேர்மங்கள் கட்டமைப்பு மாற்றியங்கள் எனப்படும். நான்கு கார்பன் கொண்ட பியூட்டேனின் வாய்பாட்டுக்கு இத்தகைய அமைப்புகள் 2. பத்து கார்பன் கொண்ட டெக்கேனுக்கு 75. இருபது கார்பன் கொண்ட ஐகோசேனுக்கு 3,66,319. கார்பனையும் ஹைட்ரஜனையும் மட்டும் கொண்டே கணக்கு இவ்வளவு தூரம் செல்கிறது.

கேள்வி: அப்படியானால் மனப்பாடத்தைத் தவிர வேறு வழியே இல்லையா?

பதில்: இந்த எண்ணிக்கையே மனப்பாடத்துக்கு எதிரான வலுவான வாதம், மூன்றரை லட்சத்தை எவராலும் உருப்போட முடியாது. கல்லூரிப் பாடத்தில் வரும் வினைகளில் பெரும்பாலானவை ஒரே நிகழ்ச்சியின் வேறுபட்ட வடிவங்கள்: எலக்ட்ரான் செறிந்த இடம், எலக்ட்ரான் குறைந்த இடத்துக்குத் தன் எலக்ட்ரான் இரட்டையை அளிக்கிறது. அளிப்பது கருக்கவர் பொருள், பெறுவது எலக்ட்ரான் கவர் பொருள். இவ்விரு கருத்துகளையும் 1930-களில் முறைப்படுத்தியவர் லண்டனில் பணியாற்றிய கிறிஸ்டோபர் இங்கோல்டு. வினைசெயல் தொகுதிகளின் பெயர்கள், பொதுவான வினைப்பொருள்கள், எந்த அமிலம் எதைவிட வலியது என்ற வரிசை ஆகியவை நினைவில் இருந்தே ஆகவேண்டும். ஆனால் அவை எழுத்துகளைப் போன்றவை, அவற்றைக் கொண்டு எழுதக் கற்பதுதான் பாடம்.

கேள்வி: வினை வழிமுறையில் வளைந்து வளைந்து வரும் அம்புக்குறிகள் அழகுக்காகவா?

பதில்: இந்தப் பாடத்தின் இலக்கணமே அவைதான். ராபர்ட் ராபின்சன், கெர்மாக்குடன் இணைந்து 1922-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளை அம்புக்குறி வேதியியலாளர்களின் கைக்கு வந்தது. அம்பின் வால், எலக்ட்ரான் இரட்டை இப்போது இருக்கும் இடத்தையும், அதன் தலை, அந்த இரட்டை செல்லும் இடத்தையும் காட்டுகின்றன. ஒற்றை எலக்ட்ரான் நகரும்போது தலையின் ஒரு பாதி மட்டும் வரையப்படும். ஆகவே இரட்டையைக் காட்டும் அம்பின் வால் எப்போதும் ஒரு தனித்த இரட்டையிலிருந்தோ ஒரு பிணைப்பிலிருந்தோதான் தொடங்க முடியும். அம்மோனியா ஒரு புரோட்டானை ஏற்பதை வரையச் சொன்னால், மாணவர் பலர் புரோட்டானிலிருந்து நைட்ரஜனை நோக்கி அம்பு வரைகின்றனர்; புரோட்டான் நகர்ந்து சென்று சேர்வதாக அவர்கள் மனத்தில் காண்பதே காரணம். ஆனால் அம்பு காட்டுவது அணுவின் பயணத்தையன்று, எலக்ட்ரானின் பயணத்தை. புரோட்டானிடம் கொடுப்பதற்கு எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை.

இதைவிட நுட்பமான பிழையும் உண்டு. ஹைட்ராக்சைடு அயனி புரோமோமீத்தேனைத் தாக்கி மெத்தனாலைத் தரும் வினையில், ஆக்சிஜனின் தனித்த இரட்டையிலிருந்து கார்பனுக்கு ஓர் அம்பும், கார்பன்–புரோமின் பிணைப்பிலிருந்து புரோமினுக்கு இன்னோர் அம்பும் தேவை. இரண்டாவதை மறந்தால் கார்பனுக்கு ஐந்து பிணைப்புகள் அமைந்துவிடுகின்றன. விடைத்தாளில் ஐந்து பிணைப்புக் கார்பனைக் காணும் ஆசிரியர், மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நில்லாமல், மாணவரை உட்காரவைத்து அந்த ஓர் அம்பைப் பற்றிப் பேசுவாரானால், அடுத்த பத்து வினைகளைத் தனித்தனியே நடத்தும் உழைப்பு அவருக்கு மிச்சமாகும்.

கேள்வி: மார்க்கோவ்னிகாவ் விதியை எழுதினாலே மதிப்பெண் கிடைக்கும்போது, காரணம் எதற்கு?

பதில்: புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது, ஹைட்ரஜன் ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனுக்குச் செல்லும் என்று ரஷ்ய வேதியியலாளர் மார்க்கோவ்னிகாவ் 1870 வாக்கில் கூறியபோது, எலக்ட்ரான் என்ற ஒன்று கண்டறியப்படவே இல்லை, அது தெரியவந்தது 1897-இல். அவரிடம் விதி இருந்தது, காரணம் இருக்க வழியில்லை. இன்று காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஹைட்ரஜன் அவ்வாறு சேர்ந்தால் இடையில் தோன்றும் கார்பன் நேர் அயனி ஈரிணையதாக அமைந்து, ஓரிணைய அயனியைவிட அதிக நிலைப்புத்தன்மை பெறுகிறது. விதியை மட்டும் கற்பிப்பது மாணவரை 1897-க்கு முன்னால் விட்டுவிட்டு வருவதாகும். பெராக்சைடு உடனிருந்தால் விளைபொருள் தலைகீழாவதை அமெரிக்காவில் கராஷ் 1933-இல் விளக்கியதும் அத்தகைய மாணவருக்கு இன்னொரு விதிவிலக்காகவே படும். காரணம் அறிந்தவரோ, அங்கு முதலில் சேர்வது ஹைட்ரஜனன்று, புரோமின் தனி உறுப்பு என்று கண்டு, இரண்டும் ஒரே நியாயத்தின்படி நடப்பதை உணர்வார்.

கேள்வி: விடையைப் படித்துப் புரிந்துகொண்டால் போதாதா?

பதில்: போதாது. நூலை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் முதல் அம்பிலிருந்து வரைந்து பார்த்த பின்பே புரிந்ததா என்பது தெரியும்.

கேள்வி: இடக்கை மூலக்கூறு, வலக்கை மூலக்கூறு என்று பிரித்து மாணவரை வாட்டுவது ஏன்?

பதில்: உடல் அவற்றைப் பிரித்தறிவதால். நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கிய கார்பன், ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரு ஆடிப்பிம்ப வடிவங்களைத் தரும். கார்வோன் என்னும் சேர்மத்தின் ஒரு வடிவம் புதினாவின் மணத்தையும், மறு வடிவம் சதகுப்பை விதையின் மணத்தையும் தருகின்றன. அணுக்கள் ஒன்றே, இணைப்பும் ஒன்றே, மூக்கு மட்டும் ஏமாறுவதில்லை. இப்பாடத்தில் வழக்கமாகக் கூறப்படும் தாலிடோமைடு கதையைத் திருத்திச் சொல்லவேண்டும். மேற்கு ஜெர்மனியில் 1957-இல் விற்பனைக்கு வந்து, பல்லாயிரம் குழந்தைகளை ஊனமாக்கி, 1961-இல் திரும்பப் பெறப்பட்ட அந்த மருந்தில், தீங்கற்ற வடிவத்தை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் போதும் என்று கூறுவது சரியன்று. உடலுக்குள் ஒரு வடிவம் மற்றதாக மாறிவிடுகிறது.

கேள்வி: நிறமாலைக் கருவிகள் வந்தபின்னும் ஆய்வகத்தில் சோடியத்தை உருக்கிக்கொண்டிருப்பது வீண் அல்லவா?

பதில்: வீண் அன்று. கரிமச் சேர்மத்தில் நைட்ரஜன் சகப்பிணைப்பால் கட்டுண்டிருப்பதால், அயனிகளுக்கான சோதனைகளுக்கு அது பதில் தருவதில்லை. லாசிகன் சோதனையில் சோடியத்துடன் உருக்கும்போது அது சயனைடு அயனியாகி, இரும்பு உப்புகளுடன் பிரஷ்யன் நீலமாகத் தன்னை வெளிப்படுத்துகிறது. பிணைப்புக்கும் அயனிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண இதைவிடத் தெளிவான வழி அரிது. இப்படிச் செய்யப்படுகிறது என்று மட்டும் சொல்லாமல், ஏன் செய்யப்படுகிறது என்பதையும் குறிப்பேட்டில் எழுதவைத்தால் ஆய்வகத்தில் செலவாகும் நேரம் பயனுடையதாகும்.

கேள்வி: ஆசிரியர் திரையில் காட்டுவதா, கரும்பலகையில் எழுதுவதா?

பதில்: வழிமுறையைப் பொறுத்தவரை கரும்பலகையே மேல். திரையில் எல்லா அம்புகளும் ஒரே கணத்தில் தோன்றுவதால் எது முதலில், எது பிறகு என்பது மறைந்துவிடுகிறது. பலகையில் கை நகரும் வேகத்தில் மாணவரின் சிந்தனையும் நகர்கிறது. தமிழ்வழியில் பயின்று ஆங்கிலவழிக் கல்லூரிக்கு வருவோர் தமிழ்நாட்டில் ஏராளம். கலைச்சொல் எம்மொழியில் இருந்தாலும் அம்பு எல்லோருக்கும் ஒன்றே என்பதால், அதைப் பற்றிய விவாதத்தைத் தமிழில் நடத்த ஆசிரியர் தயங்கத் தேவையில்லை. வினாத்தாள் தயாரிப்போரும், பெயருள்ள விதியை வரையறுக்கச் சொல்லும் கேள்விகளில் ஒன்றையேனும் நீக்கிவிட்டு, மாணவர் இதுவரை பாராத ஒரு வினையைக் கொடுத்து, முதல் அம்பு எங்கே தொடங்கும் என்று கேட்கவேண்டும்.