விற்ற வீட்டின் குழவி யாருக்கு? ஆலத்தியூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வீட்டை விற்கிறவர் எதை விட்டுச் செல்ல வேண்டும், எதைக் கழற்றிச் செல்லலாம் என்பது பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் இதுவரை வரவில்லை. இப்படித் தொடங்காத ஆய்வேட்டை யாரும் மதிப்பதில்லை என்பதால் நாமும் சொல்லிவைக்கிறோம். வரவில்லை என்பதை எப்படி உறுதிசெய்தீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்காமலிருப்பதும் மரபுதான்.

2. ஆய்வுக் களம்

அசையாச் சொத்தை ஆராய அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்து ஆலத்தியூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1995 வரை இது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பிறகு பெரம்பலூர், 2001இல் அரியலூர், 2002இல் மறுபடி பெரம்பலூர், 2007இலிருந்து மறுபடி அரியலூர். ஊர் ஓரடியும் நகரவில்லை. மாவட்டம்தான் போய்ப் போய் வந்தது. தாய்ப்பத்திரம் முதல் அடுக்கிப் படித்தால், ஒரே வீடு நான்கு முறை குடிபெயர்ந்ததாகத் தோன்றும்.

இரண்டாவது காரணம் சிமென்ட். ராம்கோ ஆலை இருக்கும் ஊர் இது. சுற்றுவட்டாரத்தில் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். எதையும் எதோடும் சேர்த்துப் பூசிவிடும் மனநிலை இங்கே காற்றிலேயே கலந்திருக்கிறது (சான்று: டீக்கடை பெஞ்சு, கிழக்கு முனை).

3. முன்னோர் மொழிந்தவை

பழைய கிரயப் பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், தரு (மரம்), பாஷாணம் (கல்) என்று அடுக்கி, அஷ்டபோக பாத்தியங்களும் வாங்குபவருக்கே என்று எழுதுவார்கள். பூமிக்குள் புதையல் அகப்பட்டால் யாருக்கு என்பதில் முன்னோருக்கு இருந்த தெளிவு, ஃபேன் ரெகுலேட்டர் யாருக்கு என்பதில் நமக்கு இல்லை.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஓரளவு உதவுகிறது. மண்ணில் வேர்விட்டது, மண்ணில் பதிந்தது, பதிந்ததன் நிலையான பயனுக்காக அதோடு இணைத்தது என்று மூன்று வகையை மூன்றாம் பிரிவு சொல்கிறது. வீட்டை மாற்றிக் கொடுத்தால் பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல் எல்லாம் கூடவே போகும் என்கிறது எட்டாம் பிரிவு. சாவியைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தர மறுத்த ஒருவர் எங்கோ இருந்திருக்கிறார். அவருக்காகத்தான் சட்டம் இத்தனை நுணுக்கமாக வந்தது என்பது எமது ஊகம். அடுத்த பத்தியிலிருந்து இதை உண்மையாகக் கொள்வோம்.

4. வகைப்பாடு

மின் மீட்டர்: வாரியத்தினுடையது. இருவரும் கும்பிட்டுவிட்டு நகரலாம்.

கேஸ் சிலிண்டர்: ஆளோடு போகும்.

திருஷ்டிப் பொம்மை: யாரும் கேட்டதில்லை.

ஆழ்குழாய் மோட்டார்: கீழே இருக்கும்வரை வீட்டுக்கு, மேலே வந்துவிட்டால் சண்டைக்கு.

முருங்கை: வேர்விட்டது, ஆகவே வாங்குபவருக்கு. கிரயத்துக்கு முந்தின நாள் காயெல்லாம் காணாமல் போவது தாவரவியல் சிக்கல், இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

வேம்பு: நிழலுக்கு நின்றால் அசையாச் சொத்து, அறுத்துப் பலகையாக்க நின்றால் வெட்டுமரம் என்ற கணக்கில் அசையும் சொத்து. தான் எதற்காக நிற்கிறோம் என்பது மரத்துக்குத் தெரியாது.

ஃபேன்: தளத்தில் புதைந்த கொக்கி வீட்டுக்கு. தொங்குவது விற்பவருக்கு. சுவிட்ச் போர்டில் பதிந்த ரெகுலேட்டர் வீட்டுக்கு. ஐந்து வேகமும் இங்கே, சுழல்வது வேறு ஊரில் (சான்று: எலக்ட்ரீஷியன் ஒருவர், ஏணியின் மூன்றாம் படியிலிருந்து, வாயில் ஸ்குரு கடித்தபடி சொன்னது, ஆகவே மெய்யெழுத்துகள் ஐயத்துக்குரியவை).

விலையில்லா கிரைண்டர்: 2011இல் தொடங்கிய திட்டத்தில் மிக்சி, மின்விசிறியோடு வந்தது. சட்டப்படி அசையும் சொத்து. பல வீடுகளில் அசைந்து பல காலமாயிற்று.

5. பாஷாணம் பற்றி ஒரு குறிப்பு

அரியலூர்ப் பக்கம் அஸ்திவாரம் தோண்டும்போது சுருள் வடிவக் கல் ஒன்று அகப்படலாம். அது அம்மோனைட் என்னும் கடலுயிரின் புதைபடிவம். இந்தப் பகுதி ஒருகாலத்தில் கடலாக இருந்ததற்குச் சாட்சி. பார்க்க விரும்புவோருக்கு வாரணவாசியில் அருங்காட்சியகமே உண்டு. அப்படியொரு கல்லை வாசற்படியில் பதித்திருந்தால் அது யாருக்கு? முதல் குடியிருப்பாளர் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே காலி செய்துவிட்டார். பத்திரம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் இன்னும் சிக்கலானது. அஷ்டபோகத்தில் அதைத் தருவில் சேர்ப்பதா, பாஷாணத்தில் சேர்ப்பதா? நல்லவேளை, அது விற்பனைக்கு இல்லை.

6. அம்மியும் ஆட்டுக்கல்லும்

இனி ஆய்வின் கருவுக்கு வருவோம்.

அம்மி அசையும் சொத்து என்பதில் ஐயமில்லை. அடிமேல் அடி அடித்தால் நகரும், ஆடிக்காற்றில் பறக்கும். ஒரே பொருளுக்காக இரண்டு பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரணின்றிச் சாட்சி சொல்வது எந்த நீதிமன்றத்திலும் அரிது. ஆட்டுக்கல்லுக்கு எமக்குத் தெரிந்து அப்படியொரு சாட்சி இல்லை. பழமொழி இல்லாமையே அசையாமைக்குச் சான்று என்பது எமது துணிபு. இல்லாததைச் சான்றாகக் காட்டலாமா என்போர், நம் முன்னோர் கண்டுபிடித்தவற்றைப் பட்டியலிடும் ஆய்வேடுகள் சிலவற்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஆட்டுக்கல்லை அடுப்படி மூலையில் தரையோடு பதித்துச் சுற்றிலும் பூசிவிடுவார்கள். ஆகவே கல் வீட்டோடு சேர்ந்தது. குழவி? அதை யாரும் பதிக்கவில்லை. விற்றவர் அதைத் தூக்கிச் சென்றால், வாங்கியவருக்குக் குழியுள்ள ஒரு கல் மிஞ்சும். விற்றவரிடம் போய் உட்காரக் குழியில்லாத ஒரு குழவி இருக்கும்.

இங்கேதான் எட்டாம் பிரிவு மறுபடி கைகொடுக்கிறது. மண்ணோடு இணைந்த இயந்திரத்தை மாற்றிக் கொடுத்தால் அதன் அசையும் உறுப்புகளும் கூடவே போகும் என்று அது சொல்கிறது. குழவியை மனத்தில் வைத்துத்தான் 1882இல் அப்படி எழுதினார்கள் என்று நிறுவ முடியாது. இல்லை என்றும் நிறுவ முடியாது. ஆகவே நிறுவப்பட்டதாகக் கொள்கிறோம். இயந்திரம் என்றால் விசை வேண்டுமே என்பார்கள். அந்த விசை யார் என்பது அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த எவருக்கும் தெரியும். அவர் மட்டும் கிரயத்தில் அடங்கமாட்டார்.

இதை மறுப்போரும் உளர். குழவி தாய்வீட்டுச் சீராக வந்தது, ஆகவே சீர் வந்த வழியே திரும்பும் என்பது அவர்கள் கட்சி (காண்க: பேருந்து நிறுத்தத் திண்ணை மரபு, மேற்குத் தூண் பாடம். வெற்றிலை போடுமுன் சொன்னது ஒன்று, போட்டபின் சொன்னது வேறு. பின்னதில் இரண்டு சொற்கள் துப்பலில் சிதைந்தன. கிழக்குத் தூண் பாடத்தில் குழவி என்ற இடத்தில் மனைப்பலகை என்றிருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுச் செம்பாடம் காண முயன்றபோது ஜெயங்கொண்டம் பஸ் வந்துவிட்டது).

சிமென்ட் வைத்த அம்மி இன்னும் ஆழமானது. அம்மி ஆடுகிறது என்று அடியில் கொஞ்சம் கலவை வைத்துவிட்டால் அது அசையாச் சொத்தாகிவிடுமா? மேலைநாட்டார் இதில் குழம்பியிருக்கிறார்கள். 1872இல் ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் வழக்கில், ஆலைத் தரையில் ஆணியடித்த தறிகள் கட்டடத்தோடு சேர்ந்தவை என்றார்கள். 1902இல் வேறொரு வழக்கில், சுவரில் பொருத்திய சித்திரத் திரைச்சீலைகள் சேராதவை என்றார்கள். அவற்றைப் பொருத்தியது அவற்றை ரசிக்கத்தானாம். மண்ணில் பொருத்திய எண்ணெய் எஞ்சின் பற்றிய வழக்கொன்றில் சென்னை உயர்நீதிமன்றமும், அப்படிப் பொருத்தியது எஞ்சினின் பயனுக்கே, நிலத்துக்காக அல்ல என்ற வழியில் போனது.

அந்த அளவுகோலை அம்மிமேல் வைப்போம். கலவை வைத்தது வீட்டின் நன்மைக்கா, அம்மியின் நன்மைக்கா? ஆடாமல் நிற்பது அம்மிதான். ஆகவே சிமென்ட் வைத்தாலும் அம்மி அசையும் சொத்தே. இதே அளவுகோலை ஆட்டுக்கல்மேல் வைத்தால் அதுவும் அசையும் சொத்தாகி, மேலே நிறுவியதெல்லாம் இடிந்துவிடும். ஆகவே வைக்கவில்லை.

செட்டிநாட்டைக் காட்டி மறுப்போர் உண்டு. அங்கே பர்மாத் தேக்கு நிலையும் தூணும் வீட்டைவிட்டுக் கழன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிட்டன. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், அங்கிருந்து பிரித்தெடுத்து வந்து மறுபடி கட்டிய வீடே நிற்கிறது. வீடே நகரும்போது குழவி நகராதா என்று கேட்கிறார்கள். வலுவான வாதம். அதனால்தான் இதைக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு முன், யாரும் கவனிக்காத இடத்தில் வைத்திருக்கிறோம்.

7. முடிபுகள்

ஒன்று: இந்தச் சண்டை எல்லாம் ஒரே தாளில் தீர்ந்துவிடும். முன்பணம் கை மாறும் நாளிலேயே ஃபேன், மோட்டார், தண்ணீர்த் தொட்டி, அலமாரி, ஆட்டுக்கல், எது இருக்கும், எது போகும் என்று ஒப்பந்தத்தில் வரிசையாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். நான்கெல்லையை அடி அங்குலமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையில்லை.

இரண்டு: அப்படி எல்லோரும் எழுதத் தொடங்கினால் இந்த ஆய்வுத்துறையே அழிந்துவிடும். ஆய்வாளர் என்ற முறையில் முதல் முடிபை வன்மையாக எதிர்க்கிறோம்.

மூன்று: ஒப்பந்தமும் இல்லை, சட்டமும் பிடிபடவில்லை என்றால் ஊர்வழக்கே முடிவு. விற்றவரின் மைத்துனர் குழவியைத் தூக்க வரட்டும். ஒரு முறை முயன்று, மூச்சு வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நமக்கு எதுக்குங்க இதெல்லாம், கிரைண்டர்தான் இருக்கே என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டால், அந்தக் கணமே குழவி அசையாச் சொத்து.