கூட்டம் இனிதே நிறைவுற்றது

பெறுநர்: கிராம சபைக் கூட்டங்களை நடத்துவிக்கும் அலுவலகம்.
பொருள்: கிராம சபை – கூட்டத்துக்கு வந்தவர்களிடம் கூட்டத்தைப் பற்றியே கருத்துக் கேட்டல் – தொடர்பாக.
பார்வை: தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994.

ஐயா / அம்மையீர்,

கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினராக இருக்கும் மன்றம். 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதற்கு இடம் தந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் அதற்கு உருவம் தந்தது. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த சபைக்கு, 2022ஆம் ஆண்டு அறிவிப்பால் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. கூட்டம் செல்லுபடியாகக் குறைவெண் வரம்பு உண்டு: மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எத்தனை பேர் வந்தால் போதும் என்று விதி துல்லியமாகச் சொல்கிறது. வந்தவர்கள் அடுத்த முறையும் வருவார்களா என்பதை அது விசாரிப்பதில்லை.

இதனால் கருத்துக் கேட்கும் வழக்கமே இல்லை என்று கொள்ளலாகாது. இப்போதே நான்கு வகையில் கருத்து திரட்டப்படுகிறது. முதலாவது கையெழுத்து. இது வாசலில் மேசை போட்டு, வந்தவர் உட்காருமுன் பெறப்படுகிறது. சில ஊர்களில் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்குப் பதிவேடே நேரில் போய் வாங்கி வருகிறது. தீர்மானம் எழுதுமுன்பே ஒப்புதல் கிடைத்துவிடுவதால் நேரம் மிச்சம். இரண்டாவது புகைப்படம், முன்வரிசை நிறைந்திருக்கும் நிமிடம் பார்த்து எடுக்கப்படுவது. மூன்றாவது கைதட்டல். நான்காவது மௌனம்; இது தீர்மானப் புத்தகத்தில் ‘ஏகமனதாக’ என்று பதிவாகிறது.

கூட்டத்தின் போக்கு பல ஊர்களில் ஒன்றுபோலவே இருக்கிறது. ஊராட்சித் தலைவருக்கும், கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலரான பற்றாளருக்கும் குஷன் நாற்காலியும் மின்விசிறியும், வார்டு உறுப்பினர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, பெண்களுக்கு ஜமுக்காளம். மேலிடத்திலிருந்து வந்த கூட்டப் பொருள் வாசிக்கப்படுகிறது: குடிநீர்ச் சிக்கனம், டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு. வரவு செலவுக் கணக்கு, மைக் கரகரக்கத் தொடங்கிய பிறகு வருகிறது. பற்றாளர் உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்தல் முறையைப் பெருமையுடன் நினைவூட்டுகிறார். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாது என்று அதே கல்வெட்டு சொல்வது நேரமின்மையால் விடுபடுகிறது. பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, “தெருக்கோடிக் குழாயில மூணு மாசமா தண்ணி வரலீங்க” என்கிறார். “உக்காரும்மா, குறிச்சுக்கிட்டோம்” என்று பதில் வருகிறது. ஊராட்சிச் செயலரின் பேனா மூடியபடியே இருக்கிறது. அடுத்ததாகக் குடிநீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் தீர்மானம் நிறைவேறுகிறது.

வந்தவர்களின் கருத்தை முறையாகக் கேட்காத குறையைப் போக்கப் படிவம் அச்சிட அலுவலகம் முன்வரக்கூடும். அதன் அமைப்பு எளிதில் ஊகிக்கத் தக்கது. கூட்டம் எப்படி இருந்தது? (அ) நன்று (ஆ) மிக நன்று (இ) மிகமிக நன்று. பெயர், கதவு எண், ஆதார் எண், செல்போன் எண் கட்டாயம். நிரப்பிய படிவத்தைத் தலைவரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். வேலை அட்டைக்கும் வீட்டு வரி ரசீதுக்கும் வந்து நிற்க வேண்டியதும் அதே அலுவலகத்தில்தான் என்பதால், குறை சொல்பவர் எவரும் இருக்க மாட்டார். திருப்தி நூற்றுக்கு நூறு எட்டும்.

பயன் தரும் முறை இதைவிடச் சிறியது. அதில் கேள்விகள் மூன்று. பேச நினைத்து வந்தது எது, அதைப் பேச முடிந்ததா? வாசித்ததில் எது விளங்கவில்லை? எந்த இடம், எந்த நேரம் என்றால் வரத் தோதுப்படும்? முதல் கேள்வி மைக் யார் கையில் இருந்தது என்பதைக் காட்டும். இரண்டாவது, கணக்கு ஊராருக்காக வாசிக்கப்பட்டதா, பதிவேட்டுக்காக வாசிக்கப்பட்டதா என்பதைக் காட்டும். மூன்றாவதற்குத்தான் பதில் அதிகம் வரும். ஆகஸ்ட் 15 அலுவலகத்துக்கு விடுமுறை, களையெடுப்புக்கு அல்ல. கூட்டத்தைச் சுழற்சி முறையில் எல்லாக் குக்கிராமங்களிலும் நடத்த வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. பந்தல் வழக்கமான இடத்திலேயே போடப்பட்டால், பட்டியலினத்தவர் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் வருவார்கள், வந்தவர்கள் எங்கே நிற்பார்கள் என்பது கூட்டத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். தலைவருக்கும் செயலருக்கும் உறவில்லாத சுய உதவிக் குழுப் பெண்கள் இருவர், பெயர் எழுதாமல், வாய்மொழியாகக் கேட்டு எழுதினால் போதும். எழுத்தறியாதவரும் இதில் விடுபட மாட்டார். இடையில் எழுந்து போனவரிடமும், வராமலே இருந்தவரிடமும் கேட்க வேண்டும். வந்தவரிடம் மட்டும் கேட்டால், வர வசதிப்பட்டவரின் கருத்தே கிடைக்கும்.

கேட்டதோடு வேலை முடிவதில்லை. அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக, சொன்னது என்ன, செய்தது என்ன, செய்யாதது ஏன் என்று வாசித்து, தேதியிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். பதில் கிடைக்காதவரிடம் மூன்றாம் முறை கேட்டால் ‘மிகமிக நன்று’ என்றே சொல்வார். அத்துடன் கருத்துக் கேட்பு முடிந்தது. செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு பேனாவும். பேனாக்கள் திறந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இணைப்பு: மேற்கண்ட மூன்று கேள்விகள், ஒரு தாளில். பின்பக்கம் அலுவலகத்தின் பதிலுக்காக விடப்பட்டுள்ளது. ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்ற முத்திரை பதிலாக ஏற்கப்படாது.