பட்சிராஜனும் பட்சி தீர்த்தமும்: 2.0 திரைப்படம் குறித்துத் திருக்கழுக்குன்றத்தில் நிலவும் இருவகைக் கொள்கைகள், ஓர் ஆய்வு

அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் என நால்வரும் பாடிவிட்ட ஊர் திருக்கழுக்குன்றம். கல்வெட்டுத் துறையினர் தம் பங்குக்குப் படியெடுத்து அச்சிட்டும் விட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள்கூட மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுத்தான் இறங்கினார்கள். இத்தனை பேர் கைவைத்த ஊரில் பின்னால் வந்த ஓர் ஆய்வாளனுக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று தேடியபோதுதான் அறிவுலகத்தின் பேரிடைவெளி ஒன்று புலப்பட்டது. 2018 நவம்பர் 29 அன்று ஷங்கர் இயக்கத்தில், ரஜினிகாந்த் நடிப்பில் வெளியான 2.0 நல்ல படமா இல்லையா என்று இவ்வூரார் இன்றுவரை இரண்டு கட்சியாக நின்று வாதாடுவதை எந்தப் பல்கலைக்கழகமும் பொருட்படுத்தவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

இந்தப் படத்தை ஏன் இந்த ஊரில் வைத்து ஆராய வேண்டும் என்று நெறியாளர்கள் கேட்கக்கூடும். விடை எளிது. படத்தின் எதிர்நாயகன் பெயர் பட்சிராஜன். ஊரின் மறுபெயர் பட்சி தீர்த்தம். ஒப்பாய்வுக்கு இதைவிடப் பலவீனமான காரணங்களை வைத்துக்கொண்டு முனைவர் பட்டம் பெற்றவர்களை நான் அறிவேன்.

மேலும் ஒரு சான்று. 2.0 வெளியாகிச் சரியாக ஓராண்டு கழித்து, 2019 நவம்பர் 29 அன்று, காஞ்சிபுரத்திலிருந்து, இவ்வூரை உள்ளடக்கிய செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. படத்தால்தான் மாவட்டம் இரண்டானது என்று நான் சொல்லவில்லை. தேதிகளை அருகருகே வைத்தேன், அவ்வளவே. மற்றதை வாசகர் மனம் செய்துகொள்ளும். ஆய்வுலகில் இது ஏற்கப்பட்ட முறைதான்.

களஆய்வு தேநீர்க்கடை, முடிதிருத்தகம், செங்கல்பட்டுப் பேருந்தின் கடைசி இருக்கை ஆகிய மூன்று மையங்களில் நடந்தது. வினாநிரல் எதுவும் தேவைப்படவில்லை. “டூ பாயிண்ட் ஓ எப்படிண்ணா?” என்று கேட்டுவிட்டு ஒரு டீ சொன்னால் போதும். டீ ஆறுவதற்குள் இரு தரப்பும் உருவாகிவிடும். உரையாசிரியர் மரபைப் பின்பற்றி இவர்களை முறையே காட்சியார் என்றும் கதையார் என்றும் வழங்குவோம்.

காட்சியார் கொள்கையாவது: படம் என்பது பார்ப்பதற்கு. ஊரிலுள்ள கைப்பேசிகளெல்லாம் பிடித்திருந்த கையை உதறிவிட்டு ஆகாயத்துக்குப் பறந்ததையும், சாலை முழுக்கக் கைப்பேசிகள் மினுக்கிக்கொண்டு ஊர்ந்ததையும், அவையெல்லாம் சேர்ந்து ராட்சதப் பறவையாகச் சிறகு விரித்ததையும் இதற்கு முன் எந்தத் தமிழன் பார்த்தான்? 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று பேசப்பட்ட படம். அந்தக் காசு திரையில் தெரிகிறது. பிறகு முப்பரிமாணமாக மாற்றிக்கொள்ளாமல், படப்பிடிப்பிலேயே முப்பரிமாணத்தில் எடுத்தது. நீரவ் ஷா ஒளிப்பதிவு, ஸ்ரீனிவாஸ் மோகன் காட்சி ஜாலம், ரசூல் பூக்குட்டி ஒலி. “எல்லாத்துலயும் கதை கதைன்னா, பாட்டி மடியில போய்ப் படுத்துக்க” என்பது இக்கொள்கையின் மூலச் சூத்திரம்.

கதையார் மறுப்பு: பறவை பறந்தது, கதை பறக்கவில்லை. இவர்கள் எடுத்த எடுப்பில் எந்திரனை மேற்கோள் காட்டுவார்கள். 2010 அக்டோபர் 1 அன்று வந்த அந்த முதல் பாகத்தில் சிட்டி தீக்குள் புகுந்து, குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றத் தெரிந்த எந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை; அந்தப் பெண் உயிரை விடுகிறாள். கிராபிக்ஸே இல்லாமல் எடுத்திருந்தாலும் நிற்கக்கூடிய காட்சி அது. அதற்கு நிகராக இரண்டாம் பாகத்தில் எதைக் காட்டுவாய் என்று இவர்கள் கேட்கும்போது காட்சியார் பக்கம் சற்று அமைதி நிலவும். பிறகு யாராவது, “சரி, எந்திரன்ல வர்ற அந்தக் கொசு சீனையும் கதைன்னுதான் சொல்லுவியா?” என்பார். அமைதி கலையும்.

கதையாருள் ஒரு கிளைப் பள்ளி உண்டு. “வாத்தியார் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது” என்பது இவர்களின் ஒற்றை வரிக் கோட்பாடு. வாத்தியார் என்று இவர்கள் சொல்லும் எழுத்தாளர் சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்தார். எந்திரன் வெளிவந்ததையே அவர் பார்க்கவில்லை. இரண்டாம் பாகத்தில் ஷங்கருடன் வசனத்துக்கு அமர்ந்தவர் ஜெயமோகன். இந்த விவரம் சபையில் வந்து விழுந்தால் விவாதம் சினிமாவை விட்டு இலக்கியத்துக்குப் போய்விடும்; அப்புறம் டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் முடியும். எனவே இப்பள்ளியை ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்துகிறேன்.

இரு தரப்பும் கவனிக்கத் தவறிய ஒன்றை இங்கே பதிவுசெய்ய வேண்டும். முதல் பாகத்தில் ஐஸ்வர்யா ராயாக வந்த சனா, இரண்டாம் பாகத்தில் விஞ்ஞானி வசீகரனோடு போனில் பேசும் குரலோடு சரி. கைப்பேசியே உலகை அழிக்கிறது என்று சொல்லும் படத்தில் முதல் பாகத்துக் கதாநாயகி கைப்பேசிக்குள் மட்டுமே குடியிருக்கிறார். உலக விஞ்ஞானப் புனைவில் இத்தகைய முரணணி வேறெங்கும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். இரண்டாம் பாகம் என்றால் என்ன? மற்ற ஊர்க்காரர்களுக்கு இது சினிமாவோடு வந்த சங்கதி. திருக்கழுக்குன்றத்தாருக்கு அப்படியல்ல. இங்குள்ள சங்கு தீர்த்தத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கிறது என்பது நம்பிக்கை. அதே குளம், அதே கரை, அதே கூட்டம், புதிய சங்கு. போன தடவை வந்த சங்கைப்போல இல்லையே என்று யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

கழுகுகளின் தலபுராணமோ நான்கு பாகமாக எடுக்கப்பட்டது. சாபம் பெற்ற முனிவர்கள் எட்டுப் பேர். யுகத்துக்கு இருவர் வீதம் கழுகாகப் பிறந்து வேதகிரீசுவரரை வழிபட்டு வீடுபெறுகிறார்கள். கதைக்களம் மாறவில்லை, ஒவ்வொரு பாகத்திலும் நடிகர்கள் மட்டும் மாறுகிறார்கள். திரேதா யுகத்துப் பாகத்தில் நடித்தவர்கள் சம்பாதியும் சடாயுவும். சடாயு பிற்பாடு வேறொரு பெரிய தயாரிப்பில் சிறு வேடத்தில் வந்து, வானத்தில் ஒரு சண்டைக் காட்சியில் சிறகிழந்து, கதாநாயகனையே அழவைத்தார் என்பது யாவரும் அறிந்தது. தொடர் பாகங்களில் இவ்வளவு நீண்ட அனுபவமுள்ள ஓர் ஊரின் தீர்ப்பைத் திரையுலகம் கேட்காமல் விட்டது பெரும்பிழை.

அந்தக் கலியுகப் பாகத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். உச்சிப்பொழுதை ஒட்டி இரண்டு வெள்ளைப் பறவைகள் வந்து இறங்கும். மலைமீது பாறையில் அமர்ந்திருக்கும் தேசிகர் கையிலிருந்து நெய்யும் சர்க்கரையும் கலந்த சோற்றை உண்டுவிட்டுப் போகும். காலையில் காசியில் நீராட்டு, நண்பகலில் இங்கே சாப்பாடு, மாலையில் இராமேசுவரத்தில் தரிசனம் என்று அவற்றின் நாள்நிரலையும் ஊர் வகுத்து வைத்திருந்தது. பறவையியலார் இப்பறவையை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், கருவியைக் கையாளத் தெரிந்த மிகச்சில பறவைகளில் இதுவும் ஒன்று. ஆப்பிரிக்காவில் இது அலகில் கல்லை எடுத்து எறிந்து தீக்கோழி முட்டையை உடைப்பதை ஜேன் குடாலும் ஹூகோ வான் லாவிக்கும் 1966இல் எழுதினார்கள். கல்லில் தொடங்கிய பட்சி இனம் கைப்பேசியில் வந்து நிற்பது பரிணாம வளர்ச்சி என்றே கொள்ளத்தக்கது.

2.0 பற்றி மலையடிவாரத்துப் பெரியவர் ஒருவர் தந்த மதிப்பீடு இப்பின்னணியில்தான் பொருள்படுகிறது: “ஏன்பா தம்பி, நாங்க பார்த்த கழுகுக்குக் கண்ணாடி மாட்டத் தேவையில்ல. டிக்கெட்டும் கிடையாது.” காட்சியார் கொள்கைக்கு எதிராக நான் திரட்டிய வாதங்களில் இதற்கு மறுப்பு இன்னும் எழவில்லை.

கழுகுகள் சில நாள் வராமலும் போகும். அன்று என்ன சொல்வார்கள்? கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறான் என்பார்கள். பறவை மேல் குற்றமில்லை, சோற்றின் மேல் குற்றமில்லை; பார்க்க வந்தவன்தான் சரியில்லை. இதுவே தமிழகத்தின் முதல் திரைவிமர்சனக் கோட்பாடு என்பது இக்கட்டுரையின் துணிபு. “படம் உனக்குப் புரியலைன்னா அது உன் தப்பு” என்று கடைசி இருக்கை இளைஞர் ஒருவர் என்னிடம் சீறியபோது, அவர் அறியாமலேயே அந்தப் பழைய நெறியைத்தான் எடுத்துரைத்தார். தலைவர் படம் ஓடவில்லையா, அரங்கில் பாவிகள் அதிகம். இக்கோட்பாட்டை வைத்து எந்தப் படத்தையும் காப்பாற்றிவிடலாம். 2024இல் வந்த இந்தியன் இரண்டாம் பாகத்துக்கு மட்டும் பாவிகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போய்விட்டது.

அடுத்த பூசல்: இது விஞ்ஞானப் படமா, பேய்ப் படமா? கைப்பேசிக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று மனமுடைந்து பட்சிராஜன் கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்கிறார். இறந்த பறவைகளின் ஆற்றலோடு அவர் ஆற்றலும் கலந்து ஆரா ஆகிறது. இதற்கு வசீகரன் சொல்லும் விளக்கம் அறிவியல் கலைச்சொற்களால் ஆனது. பூசாரி இதையே இரண்டு வரியில் சொல்லியிருப்பார். ஆயினும் முதிய பட்சிராஜனாக அக்‌ஷய் குமார் செத்த குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அலையும் முன்கதை மனத்தைத் தொடுகிறது. பறவையியலர் சலீம் அலியின் சாயலில் அமைந்த பாத்திரம் அது. ஆய்வாளன் நடுநிலை காக்க வேண்டும் என்பதால் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். படத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கிழவர்தான். அவர் பேருருவெடுத்து விளையாட்டரங்கில் ரஜினியோடு மோதத் தொடங்கியதும் நான் கதையார் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

கதிர்வீச்சு என்ற சொல்லுக்கு இவ்வூரில் அஞ்சுவோர் குறைவு. கிழக்கே கடற்கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையம் 1980களிலிருந்து இயங்கிவருகிறது. அதன் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் சட்டைப்பையில் இருக்கும் போனைக் காட்டி, ஐயோ கதிர்வீச்சு என்றால் அவன் எப்படி அலறுவான்? இந்த வட்டாரத்துக்கென்று தனிப் பிரதி தயாரித்திருக்கலாம். அலறியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். படம் வெளியாகும் தறுவாயில் கைப்பேசி நிறுவனங்களின் சங்கமான சி.ஓ.ஏ.ஐ., இது அறிவியலுக்குப் புறம்பான கருத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. கொலைகாரனாகக் காட்டப்பட்ட எந்திரத்தின் உறவினர்கள் வந்து வழக்குப் பேசியது தமிழ்ப்பட வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

முறையீட்டில் நியாயம் இருந்ததா? இவ்விடத்தில் கட்டுரை சற்றுக் கழுக்குன்றத்துக் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலைக்குக் கழுகுகள் வருவது 1998வாக்கில் நின்றுபோனது. இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு பேசப்பட்டதோ 1995 ஜூலை 31. கொல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். மூன்றே ஆண்டில் அந்த அலை திருக்கழுக்குன்றம் வந்து இரண்டு பறவைகளை விரட்டியது என்றால், நமது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எதையும் அவ்வளவு விரைவாகச் செய்து நாம் பார்த்ததில்லை. அன்று ஊரில் போன் பேச வேண்டியவர்கள் எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பாறுகளைக் கொன்ற உண்மை வில்லன் யார் என்பது வேறெங்கோ தெரியவந்தது. பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் அதை வெளியிட்டார்கள். மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போட்டுவந்த டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான் அது. ஊசி போட்ட மாடு இறந்தபின் அந்தச் சடலத்தைத் தின்னும் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியது. மஞ்சள்முகப் பாறும் பெருமளவு குறைந்தது. மலைக்கு வந்த குறிப்பிட்ட ஒரு ஜோடியின் மறைவை ஒரே மருந்தின் தலையில் கட்டுவது ஆய்வு நெறியாகாது. ஆனால் சந்தேகிக்கப்படுவோர் வரிசையில் கைப்பேசிக்கு வெகு முன்னால் நிற்பது அந்த ஊசிதான். 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது. அதன் பங்காளிகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023இல் தடை வந்தது.

ஆக, காட்சியாரும் கதையாரும் இத்தனை ஆண்டுகளாகப் பட்சிராஜனின் சிறகு நன்றாக வரையப்பட்டதா, அவருக்கு வசனம் நன்றாக எழுதப்பட்டதா என்றே அடித்துக்கொண்டார்கள். அவர் குற்றஞ்சாட்டிய ஆள் சரியான ஆள்தானா என்று ஒரு தரப்பும் கேட்கவில்லை. பட்சி தீர்த்தத்தில் வைத்தும் கேட்கவில்லை என்பதே இந்த ஆய்வின் முடிபு.

தமிழ்நாட்டில் எஞ்சிய பாறுகள் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன. மூன்றாம் பாகம் எடுக்கும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் ஒரு விண்ணப்பம்: கைப்பேசியை விட்டுவிடுங்கள், மாட்டு ஊசியை வில்லனாகப் போடுங்கள். கிராபிக்ஸ் செலவு பாதிக்குப் பாதி மிச்சம். கதையாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.