பத்து பன்றிப் பல்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கௌதள்ளி. அங்கே திண்ணையில் உட்கார்ந்து உலகைக் காப்பாற்றும் வேலை எனக்கு. முன்பின் தெரியாதவர்களோடு கூட்டுச் சேர்ந்து, இணையத்தில் வேடம் கட்டி ஆடும் விளையாட்டு அது. அதில் நான் மாவீரன். அரசர் இட்ட முதல் கட்டளை: காட்டுப்பன்றிகளைக் கொன்று பத்து பல் கொண்டு வா. முப்பது பன்றியைக் கொன்றும் நாலு பல்தான் தேறியது. மற்றதெல்லாம் கஞ்சி குடித்தே வளர்ந்தவை போலும்.

இதே வகை ஆட்டமான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004இல் வந்த புதிதில், பெரிய அரக்கனை வீழ்த்த 40 பேர் கூட வேண்டியிருந்தது. பந்திக்கு என்றால் நாற்பது பேர் நொடியில் சேர்வார்கள். போருக்கு? எங்கள் ஆட்டத்தில் ஐந்து பேர் சேரவே இரவு பத்து மணி. சேர்ந்ததும் கரண்ட் போகும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால், நான் ஓங்கிய வாள் கடல் கடந்து சர்வரைத் தொடுவதற்குள் அரக்கன் எனக்குக் காரியமே முடித்திருப்பான். கூட்டாளிகளின் வசவு மட்டும் தாமதமின்றி வந்து சேரும்.

நேற்றிரவும் அப்படித்தான் பிணமாகக் கிடந்தேன். "கண்ணு, சோளக்காட்டுல பன்னி பூந்துருச்சு!" என்று பாட்டி கத்தினார். "இருங்க பாட்டி, இன்னும் ஆறு பல் பாக்கி" என்றேன்.

பாட்டி ஒரு லெவல்கூட ஏறாதவர். தகரத்தைத் தட்டியே அத்தனையையும் விரட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.