பொருளாதார மாமா

விடுமுறைக்கு வந்திறங்கும் மாமாக்களில் இவர் தனி ரகம். எம்.ஏ. பொருளாதாரம் படித்து எத்தனையோ வருஷமாகியும் அது இன்னும் ஜீரணமாகாதவர். பிள்ளைகள் கையில் கதைப் புத்தகத்தைப் பார்த்தால் போதும், பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

துடைப்பத்தில் ஏறிப் பறக்கிறார்களா, பறக்கட்டும். ஆந்தை தபால் கொண்டுவருகிறதா, வரட்டும். அதெல்லாம் மாமாவுக்குச் சம்மதம். ஹாரி பாட்டர் வங்கிக்குள் காலை வைத்ததும்தான் நிமிர்ந்து உட்காருவார்.

"ஒரு கேலியனுக்கு 17 சிக்கிள், ஒரு சிக்கிளுக்கு 29 நட். அப்போ கேலியனுக்கு எத்தனை நட்?"

பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கும்.

"493! கடைக்காரன் சில்லறை எண்ணி முடிக்கிறதுக்குள்ள வில்லன் வோல்டெமார்ட்டே வயசாகிச் செத்துடுவான்."

அடுத்தது அதே கதையில் வரும் ரசவாதக் கல். நிக்கோலஸ் ஃபிளமெல் அதை வைத்துத் தங்கம் செய்கிறார். கேலியனோ தங்க நாணயம். "ஆக, அந்த ஊர் ரிசர்வ் வங்கி கவர்னரே அவர்தான். 665 வயசு வரைக்கும் பதவி நீட்டிப்பு வேற!"

சாக்லேட் தொழிற்சாலைக் கதையில் ஐந்து தங்கச் சீட்டு யார் யாருக்கு என்று பிள்ளைகள் நகம் கடிப்பார்கள். மாமாவின் கவலை வேறு. வில்லி வோங்கா பழைய தொழிலாளிகளை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எங்கிருந்தோ குள்ளர்களைக் கூட்டிவந்து கோகோ கொட்டையில் கூலி கொடுக்கிறாரே! "பி.எஃப். பிடிக்கிறானா, கேளு."

மாமாவின் முழு ஆட்டத்தையும் பார்க்க 'ஓஸ்' கதையை எடுக்க வேண்டும். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதியது. 1964-இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் அதற்கு ஓர் உரை எழுதினார். மஞ்சள் செங்கல் சாலை தங்கமாம். கதாநாயகி டோரதியின் வெள்ளிச் செருப்பு வெள்ளி நாணயமாம். தங்கத்தை மட்டும் நம்பினால் பணப்புழக்கம் சுருங்கி, கடன்பட்ட விவசாயி மாட்டிக்கொள்வான்; வெள்ளியையும் தாராளமாக நாணயமாக அடியுங்கள் என்று அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு பெரிய சண்டை நடந்தது. கதையே அதுதான் என்பது வாதம். 1939 சினிமாவிலோ, திரையில் எடுப்பாகத் தெரியட்டும் என்று செருப்பை மாணிக்கச் சிவப்பாக்கிவிட்டார்கள்.

"ஒரு நாட்டு நாணயக் கொள்கைக்கே சாயம் பூசிட்டானுங்க" என்று மாமா இன்றைக்கும் பொருமுவார். பாம் அந்த அரசியலை ஆதரித்தவர் என்பதற்கு ஆதாரமில்லை என்று லிட்டில்ஃபீல்டே பின்னாளில் எழுதிவிட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் மாமாவுக்குக் காது மந்தமாகிவிடும்.

இத்தனையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சும்மா இருக்குமா? போன பொங்கலன்று ராத்திரி கடைக்குட்டி கேட்டது: "மாமா, நான் ஒண்ணாவது படிக்கும்போதும் பொங்கல் காசு நூறு ரூபாய். இப்போ அஞ்சாவது. இப்பவும் நூறுதான். பணவீக்கம் பணவீக்கம்னு சொல்றீங்களே, அது நம்ம வீட்டுக்கு வராதா?"

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புத்தகத்தை வாங்கி மடியில் விரித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு ஊர்ல, டோரதின்னு ஒரு பொண்ணு இருந்தாளாம்..."